மேகம் கறுத்தால் போதுமா? பிறந்த இடம் எது? – ஓட்டப்பிடாரம் கரிசலும் மன்னார் கடலும்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துச் சம்சாரிகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கோடை உழவு போட்ட கரிசல் காடு காய்ந்து கிடக்கும். உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், கொத்தமல்லி என்று அவரவர் காட்டுக்கும் கைக்கும் ஏற்ற விதை மூட்டையில் காத்திருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே பசுவந்தனைப் பக்கம் மேகம் மலைபோல் எழும்பும். இடி கேட்கும். புழுதி பறக்கும். நாலு தூறல் விழுந்து மண் வாசனை கிளம்பும். பிறகு அந்த மேகம் கிழக்கே கடல் பக்கம் போய்க் கரைந்துவிடும். மறுநாளும் இதே கூத்துத்தான்.

சில ஆண்டுகளில் அந்த மேகம் ஏமாற்றாமல் ஒரு நல்ல மழையைக் கொட்டிவிடுவதும் உண்டு. ஆபத்து அதில்தான் இருக்கிறது. பருவம் வந்துவிட்டது என்று நினைத்து விதைத்தவர் காட்டில் விதை முளைத்துவிடும். அடுத்த மழை மூன்று வாரம் தள்ளிப் போனால் முளைத்தது கருகும். மறு விதைப்புக்கு விதை வாங்க வேண்டும், ஏர் அல்லது டிராக்டர் கூலி மறுபடியும் கொடுக்க வேண்டும். கிணறோ வாய்க்காலோ இல்லாத மானாவாரிக் காட்டில் அந்த ஆண்டு லாப நஷ்டம் அந்த ஒரு தவறிலேயே முடிவாகிவிடும்.

எந்த மேகத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது? மேகத்தின் நிறத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அந்த மேகம் எதன்மேல் பிறந்தது, எதன்மேல் நடந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். காய்ந்த கரிசல்மேல் பிறந்த மேகம் ஒரு ரகம். கடல்மேல் பிறந்த மேகம் வேறு ரகம்.

ஒரு வெயில், இரண்டு அடுப்பு

ஓட்டப்பிடாரத்திலிருந்து கடற்கரை 20 கிலோமீட்டருக்கு உள்ளாகவே இருக்கிறது. தருவைகுளம், வைப்பாறு, வேம்பார் ஆகிய கரையோர ஊர்களுக்கும் கரிசல் காட்டுக்கும் ஒரே வெயில்தான் அடிக்கிறது. ஆனால் அந்த வெயிலைத் தரை வாங்கிக்கொள்ளும் விதமும் கடல் வாங்கிக்கொள்ளும் விதமும் வேறு.

கரிசல் மண் கறுப்பு. விழும் வெயிலில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். விழுங்கிய சூடு ஆழமாக இறங்குவதில்லை; ஒரு நாள் வெயிலின் பாதிப்பு மண்ணில் ஒன்று ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே மேல்மண் மட்டும் அடுப்புக் கல்லைப்போல் கொதிக்கிறது. கோடையில் வெறுங்காலோடு உச்சிவேளையில் காட்டில் நடந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதே மண் பொழுது சாய்ந்ததும் விறுவிறுவென்று ஆறியும் விடும்.

கடலில் கதை வேறு. தண்ணீரைச் சூடாக்க நிறைய வெப்பம் வேண்டும். வெயில் தண்ணீருக்குள் பல மீட்டர் ஊடுருவுகிறது. அலையும் காற்றும் மேல்நீரைக் கலக்கி அடியில் தள்ளுகின்றன. வந்த வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. இதனால் கடலின் மேற்பரப்பு பகலுக்கும் இரவுக்கும் பொதுவாக ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. மன்னார் வளைகுடா நடுப்பகலிலும் ஏறத்தாழ 28 டிகிரி சென்டிகிரேட், விடியற்காலையிலும் ஏறத்தாழ அதே 28 டிகிரி.

இதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பகலில் தரை கடலைவிடச் சூடு. சூடான காற்று தரையிலிருந்து எழும்புகிறது. கடல் காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. எழும்பும் காற்று 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்ந்து, அதில் உள்ள ஈரம் துளியாகும் உயரத்தில் மேகம் கட்டுகிறது. கடலுக்கு மேலே காற்று கீழ்நோக்கி இறங்குவதால் அங்கே வானம் வெளுத்திருக்கும். பகலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் இந்தக் கரையைப் பார்த்தால், கடலும் உப்பளமும் வெளுத்திருக்க, உள்நாட்டில் கரைக்கு இணையாக ஒரு மேகக் கோடு ஓடுவதைக் காணலாம். மேல்காற்றின் வலுவைப் பொறுத்து அந்தக் கோடு அன்றன்று கிழக்கேயோ மேற்கேயோ நகரும்.

இரவில் நிலைமை தலைகீழ். தரை ஆறிவிடுகிறது. கடல் அப்படியே வெதுவெதுப்பாக இருக்கிறது. இப்போது எழும்பும் காற்று கடலுக்கு மேலே. நள்ளிரவுக்குப் பிறகு கடல்மேல் மேகம் கட்டி, விடியும் நேரத்தில் கரைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் மழை அதிகாலையில் அதிகமாகவும், உள்நாட்டு ஊர்களில் மாலையிலும் முன்னிரவிலும் அதிகமாகவும் பெய்வதற்கு இதுவே முக்கிய காரணம். ஓட்டப்பிடாரம் இரண்டுக்கும் நடுவே இருப்பதால் இரண்டு மழையும் இங்கே கலந்து வருகிறது. சம்சாரிக்குக் குழப்பம் வருவதும் இதனால்தான்.

மேகம் எவ்வளவு உயரத்தில்?

மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மதிப்பிட ஓர் எளிய கணக்கு உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும், அந்தக் காற்றில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125 ஆல் பெருக்கினால் கிடைப்பது மீட்டரில் உயரம். ஐப்பசிக் காலையில் கரையோரம் வெப்பநிலை 29 டிகிரி, பனி படியும் நிலை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5. மேகத்தின் அடி 625 மீட்டரில் இருக்கும். புரட்டாசிப் பிற்பகலில் காய்ந்த கரிசல்மேல் வெப்பநிலை 37, பனி படியும் நிலை 19 என்றால் வித்தியாசம் 18. மேகத்தின் அடி 2,250 மீட்டருக்குப் போய்விடும்.

இரண்டே கால் கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி வறண்ட சூட்டுக் காற்றைக் கடந்து தரைக்கு வர வேண்டும். சிறு துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். தூரத்தில் மேகத்திலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்குவது தெரியும்; அது தரையைத் தொடாது. ஆவியாகும் துளி காற்றைக் குளிரச் செய்வதால், கனத்துப்போன அந்தக் குளிர்காற்று விழுந்து நாலா பக்கமும் பரவும். மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் காற்று இதுதான். மேகம் தன் தண்ணீரைக் கொடுத்துக் காற்றை வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

முதல் இரண்டு மழை பெய்து கரிசல் நனைந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. களிப்பான கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். நனைந்த மண்ணில் வெயிலின் வெப்பம் ஈரத்தை ஆவியாக்கச் செலவாகிறது, தரை கொதிப்பதில்லை, காற்றில் ஈரம் ஏறுகிறது. மேகத்தின் அடியும் தாழ இறங்குகிறது. அதன்பின் விழும் மழையில் அதிகப் பங்கு காட்டுக்கு வந்து சேர்கிறது. மழை பெய்த காட்டிலேயே மறுபடி மழை பெய்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதில் ஓரளவு உண்மை உண்டு.

காற்று நடந்து வந்த பாதை

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை இந்த வட்டாரத்தில் வீசுவது மேல்காற்று. அரபிக்கடலில் ஈரம் சுமந்து வரும் அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது மழையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது, ஏறியபோது குளிர்ந்த அதே காற்று சூடாகிறது. இறங்கும் காற்றில் மேகம் கட்டாது, கட்டியிருந்ததும் கரையும். குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாளில் ஓட்டப்பிடாரத்தில் கண்ணைத் திறக்க முடியாத புழுதி. ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி மற்ற வட்டாரங்களுக்குப் பொருந்தலாம். இந்தக் கரிசலில் ஆடியில் விதைத்தால் காற்றுதான் அறுவடை செய்யும்.

காற்றால் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. கயத்தாறு காற்றாலைகள் சுற்றுவது இந்த மேல்காற்றில். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவதும் மேகமில்லாத வானத்தாலும் இந்த வறண்ட காற்றாலும்தான். அந்நாளில் முத்துக் குளித்தவர்கள் இரண்டு பருவக் காற்றுக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

ஐப்பசியில் காற்று திரும்புகிறது. தமிழில் கீழ்காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். மழைமேகத்துக்கும் கொண்டல் என்றே பெயர். காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் வானத்தை நன்றாகப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக் கரையில் தொடங்குவது சராசரியாக அக்டோபர் 20-ம் தேதியை ஒட்டி. தொடங்கிவிட்டது என்று வானிலை ஆய்வுத் துறை அறிவிப்பதற்கு மழை மட்டும் போதாது; கரையோரம் கீழ்காற்று நிலைத்திருக்க வேண்டும், அந்தக் காற்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும். தரையோடு ஒட்டிய கடல் காற்றும் கிழக்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்கு உயரம் கிடையாது.

கீழ்காற்று வந்தும் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டரை ஒட்டியே கிடைக்கிறது. நாகப்பட்டினத்துக்குக் கிடைப்பதில் இது ஏறத்தாழ பாதி. காரணம் தேசப்படத்தைப் பார்த்தால் விளங்கும். நாகையைத் தொடும் காற்று வங்காள விரிகுடாவில் பல நூறு கிலோமீட்டர் தண்ணீர்மேல் நடந்து வருகிறது. தூத்துக்குடிக்கு வரும் காற்றின் வழியில் இலங்கையும் இராமநாதபுரம் நிலப்பகுதியும் குறுக்கே கிடக்கின்றன. கடைசியாகக் கடக்கும் கடல் அகலம் குறைவு. மேலும் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள கரை தென்மேற்காக வளைந்து ஓடுவதால், வடகிழக்குக் காற்று கரையை முட்டாமல் உரசிக்கொண்டு போய்விடுகிறது. முட்டினால்தான் காற்று குவிந்து மேலே எழும்பும்.

துருவத்தில் இதே விதி

உழவர் பக்கத்தில் துருவப் பிரதேசத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தரையும் கடலும் மேகத்தை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதைக் கலப்படமில்லாமல் காட்டும் இடம் அதுதான். நம் பக்கம் மண், மரம், குளம், உப்பளம், ஊர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆர்க்டிக் கடலில் பெரும்பாலும் இரண்டே பரப்பு: ஒன்று பனிக்கட்டி, மற்றது திறந்த தண்ணீர்.

புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு மேலே காற்று பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. கட்டிக்குக் கீழே கடல்நீர் பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி மட்டுமே. இரண்டுக்கும் நடுவே பனிக்கட்டி பானைக்கு மூடி போட்டதுபோல் இருக்கிறது. மூடியில் விரிசல் விட்டால் அங்கேயிருந்து கடல் ஆவி புகையாகக் கிளம்பும். பெரிய விரிசல் என்றால் காற்று போகும் திசையில் தாழ்ந்த மேகமே உண்டாகும்.

கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடலில் இன்னும் தெளிவாகத் தெரியும். பனிக்கட்டியின் மேலிருந்து வரும் குளிர்காற்று திறந்த கடலில் காலடி வைத்ததும் முதலில் மேகம் இருக்காது. சிறிது தூரம் போனதும் உழவுச் சால்களைப்போல் வரிவரியாக மேகம் தொடங்கும். போகப்போக வரிகள் தடித்து, பிறகு பெரிய மேகங்களாக உடைந்து, பனி பொழியும். தண்ணீர்மேல் எவ்வளவு தூரம் நடந்தது என்பதுதான் கணக்கு. நாகைக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

துருவ ஆராய்ச்சியில் தெரிந்துகொண்ட மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. பனிக்கட்டி உருகித் தண்ணீர் திறந்தால் எப்போதும் மேகம் கூடும் என்றுதான் முதலில் தோன்றும். செயற்கைக்கோள் கணக்குகளைப் பார்த்தபோது கோடையில் அப்படிக் கூடவில்லை; இலையுதிர் காலத்தில்தான் கூடியது. கோடையில் அந்தக் கடல்நீர் மேலேயுள்ள காற்றைவிடக் குளிர்ச்சி. குளிர்ந்த பரப்பின்மேல் காற்று அசையாமல் படுத்துக்கிடக்கும். ஈரம் மேலே ஏறாது. இலையுதிர் காலத்தில் காற்று குளிர்ந்து, கடல் இன்னும் சூட்டை வைத்திருக்கும். ஈரம் ஏறி மேகமாகும். ஆகவே தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. மேலேயுள்ள காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மன்னார் வளைகுடா நண்பகலில் வெளுத்திருப்பதற்கும் விடியலில் கறுப்பதற்கும் இதே காரணம். அங்கே ஓராண்டில் நடப்பது இங்கே ஒரு நாளில் நடக்கிறது.

ஆர்க்டிக் கடலில் செப்டம்பர் மாதத்தில் எஞ்சும் பனிக்கட்டியின் பரப்பு 1980-களில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்தது. 2012-ல் 34 லட்சமாகக் குறைந்தது. மூடி சிறுத்துவிட்டதால் மேகங்களின் போக்கும் மாறுகிறது. 1997–98-ல் ஒரு கனடா நாட்டுக் கப்பலையும், 2019–20-ல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பலையும் பனிக்கட்டியில் உறையவிட்டு, ஏறத்தாழ ஓராண்டு முழுவதும் காற்றையும் மேகத்தையும் அளந்தார்கள். இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. வட துருவத்துக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் நார்வேயின் நி-ஓலசுந்தில் ஹிமாத்ரி நிலையம் 2008-ல் திறக்கப்பட்டது. தென் துருவக் கண்டத்தில் 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி ஆகிய நிலையங்கள் இயங்குகின்றன. பாரதி கடலோரம், மைத்ரி திறந்த கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, பனியில்லாத பாறைத் திட்டில்.

அந்தத் தென் கண்டத்தில் உழவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடுவே உயர்ந்த பனிமேடு. அங்கிருந்து கடலை நோக்கிக் காற்று ஓயாமல் சரிவில் இறங்குகிறது. மேலே மேகத்திலிருந்து விழும் பனி, இறங்கும் வறண்ட காற்றில் மாட்டித் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. டூமோன் டூர்வில் என்ற பிரெஞ்சு நிலையத்தில் ரேடார் கொண்டு இதை அளந்தார்கள். கண்டம் முழுவதற்கும் சுமார் 17 சதவீதப் பனிப்பொழிவு இப்படி வழியிலேயே தொலைந்துபோகிறது என்று 2017-ல் கணக்குச் சொன்னார்கள். மேற்கு மலை இறங்கிவரும் காற்றில் ஓட்டப்பிடாரத்துத் தூறல் காய்ந்துபோவதும் இந்த வகைதான். அங்கே உறைபனி, இங்கே புழுதி.

விதைப்புக்கு எந்த மேகம்?

மேற்கே மாலையில் எழும் மேகம் காய்ந்த தரையின் சூட்டில் பிறந்தது. பொழுது சாய்ந்து தரை ஆறினால் அதற்குத் தீனி இல்லை. உயரத்தில் அடி, முன்னால் புழுதிக் காற்று, பெரிய இடி, ஒரு காட்டில் மழை பக்கத்துக் காட்டில் வெயில் என்பது அதன் அடையாளம். அது ஒரு அங்குல மழை கொடுத்தாலும் அடுத்த மழைக்கு உத்தரவாதம் கொடுக்காது.

கிழக்கே விடியலில் தாழ்ந்து வரும் மேகம் கடலின் சூட்டில் பிறந்தது. கடல் மறுநாள் ஆறிவிடாது. ஆகவே அந்த மேகம் நாளையும் வரக்கூடும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலையில் மேகம் கிழக்கிலிருந்து வந்து, பகலிலும் இரவிலும் காற்று வடகிழக்கிலேயே நின்றால் பருவம் திரும்பிவிட்டது என்று கொள்ளலாம். பகலில் மட்டும் கிழக்கே நின்று இரவில் மேற்கே மாறும் காற்று கடல் காற்றுதான், அதை நம்பக்கூடாது.

ஆனால் அதுவரை காத்திருந்து, மழை பெய்தபின் விதைக்கலாம் என்றால் கரிசலில் வேறு தொல்லை. நனைந்த கரிசலில் ஏரும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. பதம் வருவதற்குள் முதல் மழையின் ஈரம் வீணாகிவிடும். கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்ற பழமொழி வேறு தலைமேல் தொங்குகிறது. இதற்காகத்தான் முன்பருவ விதைப்பு என்ற முறை இந்த மண்ணுக்குச் சொல்லப்படுகிறது. 1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்கென்றே பல காலம் வேலை செய்துவரும் நிலையம்.

முறை இதுதான். பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே காய்ந்த மண்ணில் விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். ஆழம்தான் இதில் உயிர்நாடி. மாலை மேகத்தின் சிறு தூறல் அந்த ஆழத்துக்கு இறங்காது. விதை தூங்கிக்கொண்டே இருக்கும். 20 முதல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால்தான் ஈரம் விதையைத் தொடும். அந்த அளவு மழை கொடுப்பது பெரும்பாலும் பருவ மேகம். ஏமாற்று மழையை மனிதன் சலிப்பதற்குப் பதிலாக மண்ணே சலித்துவிடுகிறது.

சோளத்தை விதைப்பதற்கு முன் கடினப்படுத்துவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி வீதம் அந்தக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்த வேண்டும். ஏக்கருக்கு 6 கிலோ விதை என்றால் கரைசல் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். மருந்துச் செலவு பெரிதல்ல. இப்படிச் செய்த விதை முளைத்தபின் இடையில் பத்து நாள் மழை தவறினாலும் ஓரளவு தாங்கும். வெயிலில் உலர்த்திவிட்டு முளைப்பு இல்லை என்று குறை சொல்வதில் பயனில்லை.

கடலும் கைவிடும் ஆண்டு

கீழ்காற்று வந்துவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிடவும் முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30-ம் தேதி தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது. காற்று திரும்பியது, மேகம் திரளவில்லை. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பருவத்தில் 62 சதவீதம் மழைக் குறைவு. 2017 ஜனவரியில் அரசு மாநிலத்தை வறட்சி மாநிலமாக அறிவித்தது. இங்கும் கடல்பரப்பின் பங்கு உண்டு, ஆனால் பக்கத்துக் கடல் அல்ல. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தூக்கலாக இருக்கிறது. அது குளிர்ந்த ஆண்டுகளில் பலமுறை குறைந்திருக்கிறது. பருவத்துக்கு முன்பே வெளியாகும் இந்தச் செய்தியைக் கேட்டு, குளிர்ந்த ஆண்டானால் பருத்தி, மக்காச்சோளத்தைக் குறைத்துக்கொண்டு உளுந்து, பாசிப்பயறு, கம்பு போன்ற குறைந்த வயதுப் பயிரைக் கூட்டிக்கொள்வது விவேகம்.

எதிர்ப்பக்கம் 2023. அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலச் சுழற்சி நிலைகொண்டது. உரசிக்கொண்டு போகும் காற்று அன்று உரசவில்லை. மன்னார் வளைகுடாவின் ஈரத்தோடு கரைமேல் வந்து குவிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின; கரிசல் காடுகளில் பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்தும் பாசியும் தண்ணீரில் நின்று அழுகின. கரிசலில் சால் அகலமாகவும் பாத்தி உயரமாகவும் எடுத்திருந்தால் இப்படிப்பட்ட நாளில் தண்ணீர் வடிய வழி உண்டு. சாதாரண ஆண்டில் அதே சால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காட்டின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை இருந்தால் வடிந்த தண்ணீர் காய்பிடிக்கும் நேரத்தில் ஒரு உயிர்த்தண்ணீருக்கு ஆகும். ஒரு ஏக்கரில் விழும் ஒரு சென்டிமீட்டர் மழை 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது நினைவிருக்க வேண்டும்.

தையும் மாசியும்

மார்கழி கழிந்தபின் கடல் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. மேலிருந்து காற்று இறங்கத் தொடங்குவதால் கடல்மேல் பிறக்கும் மேகம் உயர வளர முடியாமல் பஞ்சுப் பொதிபோல் தட்டையாகவே நிற்கும். தையில் காலை நேரத்தில் கிழக்கே தெரியும் இந்த மேகத்தைப் பார்த்துக் கடைசி மழை வரும் என்று மேலுரத்தைத் தூவிவிடக்கூடாது. மேகமூட்டமான இரவில் தரையின் சூடு வெளியேறாது. அன்று பனி குறையும். தெளிந்த இரவில் பனி கூடும். மந்தாரமும் ஈரமும் நாள்கணக்கில் நீடித்தால் கொத்தமல்லியில் அசுவினியும் சாம்பல் நோயும் வந்திருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

மாசி, பங்குனியில் மிளகாய் வத்தல் களத்துக்கு வந்துவிடும். அப்போதும் எப்போதாவது ஒரு நாள் கடல்மேல் சுழற்சி உண்டாகி விடியலில் மழை இறங்கிவிடும். ஒரு மழையில் நனைந்த வத்தல் நிறம் மங்கி விலை இறங்கிவிடும். இரவில் வத்தலைக் குவித்து மூடி வைப்பதும், காலையில் பரப்புவதற்கு முன் கிழக்கு வானத்தைப் பார்ப்பதும் நல்லது. காற்று வடகிழக்கில் நின்று மேகம் தாழ்ந்திருந்தால் ஒன்பது மணி வரை குவியலைக் கலைக்க வேண்டாம். வெயில் ஏறித் தரை சூடாகி, கடல் பக்கம் வானம் வெளுத்தபின் பரப்பினால் போதும். தார்ப்பாய் மட்டும் களத்து ஓரத்திலேயே இருக்கட்டும்.